கவிழ்த்த பானையும் கோழிக்குஞ்சும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கறையான் என்றதும் நம் நினைவுக்கு வருவது அரித்துப் போன கதவும், மண்ணாகிப் போன புத்தகமும்தான். பாடநூலிலும் அது தீங்கு செய்யும் பூச்சிகளின் வரிசையிலேயே இடம் பெற்றிருக்கிறது. ஆனால், நான் சோதனைக்கூடத்தில் அணியும் வெள்ளைக் கோட்டை வாங்கிக் கொடுத்ததே கறையான்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் காடு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவின் கூலி அரிசிக்கும் கடனுக்கும் சரியாகப் போய்விடும். என் புத்தகச் செலவுக்கு வீட்டில் இருக்கும் ஒரே வழி அப்பத்தாவின் நாட்டுக் கோழிகள்தாம். ஆகவே, குஞ்சுகள் பிழைத்தால்தான் என் படிப்புக்குக் காசு.

குஞ்சுக்கு என்ன தேவை?

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வயிற்றில் எஞ்சியுள்ள மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாட்களைக் கழித்துவிடும். அதன் பிறகு வளர்ச்சி மிக விரைவாக நடைபெறும். தசைக்கும் இறகுக்கும் புரதம் வேண்டும். குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும் என்பர். நாம் போடும் குருணையிலோ அதில் பாதிகூட இல்லை. கடைத் தீவனம் வாங்க எல்லோராலும் முடியுமா? முடியாதவர்களுக்கு இயற்கை வைத்திருக்கும் தீவனம் பூச்சிகளே. கறையானின் உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் உண்டு. இனத்தையும் பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும்.

மேலை நாடுகளில் இதே தேவைக்கு மாவுப்புழு வளர்க்கிறார்கள். டெனிப்ரியோ மோலிட்டர் என்னும் வண்டின் இளம் புழு அது. தட்டுகளில் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, ஈரத்திற்கு உருளைக்கிழங்கு, கேரட் துண்டுகளைப் போட்டு வளர்ப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ஆம் ஆண்டில் கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தைச் சேர்க்க அனுமதி அளித்தது. நல்ல முறைதான். ஆயினும் தவிட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பமே அதற்கு ஏற்றது. முட்டை வண்டாக மாறப் பல மாதங்கள் ஆகும். எங்கள் ஊர் வெயிலுக்கும் எங்கள் வீட்டுக் கைக்கும் கறையானே ஏற்றது.

பானை வைக்கும் முறை

வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்று போதும். அதில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தேங்காய் மட்டை நார், பனையோலை, வைக்கோல் ஆகியவற்றைத் திணிக்க வேண்டும். ஈரம் படும் அளவுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும். சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. கறையான் மண் ஓடியிருக்கும் இடமாகப் பார்த்து, தரையை லேசாகக் கொத்திவிட்டு, மாலையில் பானையைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிட வேண்டும்.

புதிய இடமானால் கறையான் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். வழி பிடித்துவிட்டால் மாலையில் வைத்த பானை காலையில் நிறைந்திருக்கும். வெயில் ஏறும் முன்பே எடுத்து, பெரிய கோழிகளை அடைத்துவிட்டு, தாயையும் குஞ்சுகளையும் மட்டும் விட்டு, உள்ளிருப்பதைத் தரையில் உதற வேண்டும். எங்கள் அனுபவத்தில் ஒரு பானை பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு ஒரு வேளைக்குக் காணும்.

கறையான் ஏன் வருகிறது?

வேலைக்காரக் கறையானின் தோல் மிக மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து இறந்துவிடும். அதனால்தான் அது மண்கூரை வேய்ந்துகொண்டு நடமாடுகிறது. பானைக்குள் இருட்டு, ஈரம், உணவு மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கின்றன. நம் பக்கம் புற்றுக் கட்டும் ஒடோன்டோடெர்மஸ் இனம், தின்ற செல்லுலோசைத் தானே முழுவதும் செரிப்பதில்லை. புற்றினுள் பூசணத் தோட்டம் அமைத்து அதில் பயன்படுத்துகிறது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் அந்தப் பூசணத்தினுடையதே. லின்னேயசின் மாணவரான கோனிக் என்பவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியக் கறையான்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1779-இல் வெளியாயிற்று என்பது நாம் பெருமைப்படத் தக்க செய்தியாகும்.

கோழியால் செரிக்க முடியாத சாக்கும் ஓலையும் இவ்வாறு கறையானாகி, கறையான் குஞ்சின் உடலாகிறது. வகுப்பில் படித்த உணவுச் சங்கிலி இதுவன்றோ! பானைக்கு வருபவை வேலைக்காரர்களும் காவலர்களுமே. முட்டையிடும் அரசி மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது போன்றது இது.

நான் செய்த தவறு

முதலாண்டில் ஒரு நாள், தூரம் போகச் சோம்பல்பட்டுப் பானையை வீட்டுச் சுவர் ஓரமாகவே கவிழ்த்தேன். படிப்பு மும்முரத்தில் ஒரு வாரம் அதை மறந்தும் போனேன். கறையான் சுவரேறி என் பெட்டிக்குள் புகுந்து, செய்முறைப் பதிவேட்டைத் தின்றுவிட்டது. நான்கு இரவுகள் விழித்து மீண்டும் எழுதினேன். வந்த கோபத்தில் பானையை உடைத்து, "இனி இந்த வேலையே வேண்டாம்" என்று கத்தினேன். அப்பத்தா எதுவும் பேசவில்லை.

அந்த முறை பொரித்த பத்துக் குஞ்சுகளுக்கும் குருணையும் சோறும்தான். இறகு சரியாக முளைக்காமல் தொங்கிப் போயின. இரண்டு மாதத்தில் எஞ்சியவை மூன்று. அடுத்த முறை அப்பத்தா என்னைக் கேட்காமலே வேறொரு பானையை வேலி ஓரத்தில் வைத்துவிட்டு, "உன் புத்தகத்தைத் தின்னதும் அதுதான் ஆத்தா, உனக்குப் புத்தகம் வாங்கித் தாரதும் அதுதான்" என்றார். பதினொன்றில் எட்டு தேறின. ஒன்றைப் பருந்து தூக்கியது. அம்முறை தடுப்பு மருந்தும் கொடுத்திருந்தோம். எனவே எல்லாப் பெருமையும் கறையானுக்கே என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை பார்த்ததை வைத்து முடிவு கட்டுவது அறிவியலும் ஆகாது. ஆனால் எங்கள் வீட்டில் இனிப் பானை நிற்காது.

கவனிக்க வேண்டியவை

1. வீடு, வைக்கோற்போர், மரச்சாமான் இவற்றிலிருந்து தள்ளியே பானையை வைக்க வேண்டும்.

2. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து தெளித்த நிலத்திலோ, கறையான் மருந்து ஊற்றிய கட்டடத்தின் அருகிலோ எடுக்கும் கறையான் குஞ்சுகளுக்கு நஞ்சாகலாம்.

3. எறும்பு மொய்த்த பானையைத் தவிர்க்க வேண்டும். கோழியைத் தாக்கும் ரெய்லியட்டினா நாடாப்புழுக்களில் சிலவற்றுக்கு எறும்பே இடைநிலை ஓம்புயிரி.

4. கறையான் துணை உணவே. தானியமும் கீரையும் உடன் வேண்டும். வெள்ளைக் கழிச்சலை அது தடுக்காது. முதல் வாரத்தில் சொட்டு மருந்து கட்டாயம் போட வேண்டும்.

5. அடைமழைக் காலத்தில் கறையானை நம்ப முடியாது. மாற்றுத் தீவனம் கைவசம் இருக்கட்டும்.

முடிவுரை

கறையான் தீங்குயிரி என்று பாடநூல் சொல்வது பொய்யன்று. என் பதிவேடே அதற்குச் சாட்சி. ஆனால் சுவரில் இருக்கும்போது தீங்கு செய்வது, வேலி ஓரத்துப் பானையில் இருக்கும்போது நன்மை செய்கிறது. அப்பத்தா பள்ளிக்கூடம் போனவரல்லர். செல்லுலோஸ் என்ற சொல்லையும் அவர் அறியார். ஆயினும் எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதை அவர் அறிந்திருந்தார். ஏன் என்பதை நான் இங்கே வந்து கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்யும் வேலைகளையும் ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். கேள்வி கேளுங்கள். என்னைப் போல் பானையை உடைத்துவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டாம்.