சரக்குப் பிந்தினால் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கறுவாவோ தேங்காய்த் தும்போ வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒருவருக்குக் கப்பல் ஒரு கிழமை பிந்துவது புதிய விடயமல்ல. கொள்வனவாளருக்கும் அது தெரியும். பிந்தும் என்று தெரிந்த பின்னரும் நம்மிடமிருந்து ஒரு வரியேனும் வராததுதான் அவரைக் கோபப்படுத்துகிறது. அடுத்த ஓர்டர் வேறு நாட்டுக்குப் போவதும் பல வேளைகளில் இதனால்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "இங்கிலீசில் எழுதிப் பிழையாகிப் போனால்?" என்பார்கள்.

நேரில் என்றால் நமக்குச் சிரமமில்லை. "குறை நினைக்க வேண்டாம் ஹாஜியார், அடுத்த கிழமை கட்டாயம் வந்துவிடும்" என்றால் கெய்சர் வீதியில் காரியம் முடிந்துவிடும். அதையே ஆங்கிலமாக்கி "டோன்ட் மிஸ்டேக் மீ" என்று எழுதினால் அதில் மன்னிப்பே இல்லை. "நீ என்னைப் பிழையாக விளங்கிக்கொண்டாய்" என்று வாசிப்பவர் மீது பழி போடுவது போலத் தொனிக்கும். "கைன்ட்லி எக்ஸ்கியூஸ்" என்பதும் பொருந்தாது. அது பாடசாலைக்குப் போகாத பிள்ளைக்கு எழுதும் லீவுக் கடிதத்தின் மொழி.

வியாபாரத்துக்கு வேண்டிய சொற்கள் மூன்றுதான். பழகியவருடன் தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ "சொரி" போதும். கடிதத்திலும் மின்னஞ்சலிலும் "வீ அப்போலஜைஸ்" என்பதே முறை. பிழை நம்முடையது என்று அது ஒப்புக்கொள்கிறது. "வீ ரிக்ரெட்" என்பது வருத்தத்தை மட்டும் தெரிவிக்கும், பொறுப்பை ஏற்காது. வங்கிகளும் விமானக் கம்பனிகளும் அதை விரும்புவது இதனால்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது யாருடைய பிழை என்பது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல் கம்பனிகள் ஆபிரிக்காவைச் சுற்றிச் சென்றன. ஐரோப்பாவுக்குப் போன சரக்குகள் பத்து நாள், இரண்டு கிழமை என்று பிந்தின. அதற்கு "ரிக்ரெட்" சரியான சொல். ஆனால் நாம் லேபலை மாற்றி ஒட்டிவிட்டு "ரிக்ரெட்" என்று எழுதினால், நழுவப் பார்க்கிறோம் என்று கொள்வனவாளர் உடனே கண்டுகொள்வார்.

இந்தச் சொற்களுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2001 ஏப்ரலில் அமெரிக்க உளவு விமானமொன்று சீனப் போர் விமானத்துடன் மோதியது. சீன விமானி இறந்தார். 24 அமெரிக்கர்கள் ஹைனான் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர். அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் "வெரி சொரி" இரண்டு இடத்தில் இருந்தது, "அப்போலஜைஸ்" இல்லை. சீனா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு அவர்களை விடுவித்தது. அமெரிக்காவோ அது மன்னிப்பல்ல என்றது.

மன்னிப்புக் கேட்டால் நட்டஈடு கேட்பார்களே என்ற பயமும் நம்மவரிடம் உண்டு. இரத்தினக்கல் வியாபாரிகள் போய்வரும் ஹொங்கொங்கில், மன்னிப்புக் கேட்டதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்று 2017இல் சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் கவனயீனம் தொடர்பில் இப்படித்தான் சொல்கிறது, ஆனால் ஒப்பந்த மீறலை அது குறிப்பிடவில்லை. எனவே தொகை பெரிதென்றால், எழுதுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுவது நல்லது. சாதாரணத் தாமதத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனிக் கடிதம். "வீ அப்போலஜைஸ் ஃபோர் த டிலே இன் ஷிப்பிங் யுவர் ஓர்டர். த கார்கோ வில் லீவ் கொலம்போ ஒன் 14 மே. வீ வில் செண்ட் யூ த பில் ஒஃப் லேடிங் ஒன் த சேம் டே." மூன்று வசனம். லொறி பழுதானது, வீட்டில் கல்யாணம் வந்தது என்ற கதையெல்லாம் வேண்டாம். காரணம் அவசியமென்றால் ஒரு வரி போதும். திகதியைத் திட்டமாக எழுதுங்கள். "சூன்" என்று எழுதினால் எழுதாதது போலத்தான்.

"சொரி ஃபோர் த லேட்" என்பது நம்மிடையே பரவலான பிழை. "சொரி ஃபோர் த டிலே" என்பதே சரி. "இஃப் எனி இன்கன்வீனியன்ஸ்" என்பதில் உள்ள "இஃப்" ஐயும் எடுத்துவிடுங்கள். தனக்கு ஏற்பட்ட சிரமத்தை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஏற்பட்டிருந்தால் என்று நாம் எழுதுவது எரிச்சலூட்டும். "தவுசண்ட் அப்போலஜீஸ்" போன்ற பழைய கிளாக்கர்மார் பாணி இன்று கேலியாகவே படும்.

பதிலாக "நோட்டட்" என்ற ஒரே சொல் வந்தால் பதற வேண்டாம். அவர் கோபத்தில் இல்லை, திகதியைக் குறித்துக்கொண்டார் என்பதே பொருள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பாமல், 14ஆம் திகதி கப்பல் பத்திரத்தை அனுப்பிவிடுங்கள்.