தண்ணி எங்கே போச்சுங்க அக்கா?

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவள் நான். வரவு செலவு நாலணா உதைத்தால்கூட எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அப்பா விட்டுப்போன 1984 மாடல் அம்பாசடரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தபோது என்னை அலைக்கழித்தது பணச் செலவு இல்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை, ஹோஸ் குழாய்களிலும் கசிவில்லை. அப்படியானால் போன தண்ணீர் எங்கே?

அதற்கு முன்னால் ஒரு பொய் மிரட்டலைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஜனவரி காலை. புல்மேல் உறைபனி. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால் உள்பக்கம் வெண்ணெய் போல மஞ்சளாக அப்பியிருந்தது. முதலில் பார்த்த பட்டறைக்காரர், "ஹெட் பேக்கிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிச்சாகணும்" என்றார். நான் வண்டியை அப்படியே பாயிடம் கொண்டு போனேன். அறுபது வயதுக்காரர், அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு வைத்தியர். அவர் மூடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சுத்தமான பழுப்பு.

"தினமும் எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?"

"மார்க்கெட், கோயில். ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"அதாங்க அக்கா. இன்ஜின் சூடேறுறதுக்குள்ள நிறுத்திடறீங்க."

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆறிய இரும்பில் பனித்து, ஆயிலோடு குழைந்து மூடியில் ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் இது அபூர்வம். எங்கள் மலைக்குளிரில் சகஜம். மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பி வரச் சொன்னார். வந்தேன். வெண்ணெய் உருகிப் போயிருந்தது. பிரிக்கவிருந்த இன்ஜின் பிழைத்தது.

இரண்டாவது முறை வந்ததோ நிஜம். குற்றவாளி அநேகமாக நான்தான். சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கல்லாறிலிருந்து ஏறி வருகையில், பர்லியார் அருகே வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஃபேன் பெல்ட் தொய்ந்திருந்தது. ஆறும்வரை பொறுக்காமல், கொதிக்கிற இன்ஜினில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கொல்லரைக் கேட்டாலும் சொல்லுவார். பாய் மட்டும் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அதன்பிறகுதான் கணக்கு உதைக்கத் தொடங்கியது. ஒரு நோட்டுப் போட்டேன். காலையில் ஆறிய இன்ஜினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பேன். எத்தனை மில்லி ஊற்றினேன், கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதுவேன். முதல் வாரம் 110 கிலோமீட்டருக்கு 200 மில்லி. மூன்றாம் வாரம் 90 கிலோமீட்டருக்கு 350. பக்கத்துப் பத்தியில் ஆயில் அளவு. அங்கேதான் துப்பு கிடைத்தது: ஆயில் குறையவில்லை, ஏறியிருந்தது! வயதான இன்ஜின் ஆயில் குடிக்கும், சுரக்காது. கம்பியில் ஒட்டியிருந்தது பால் கூடிப்போன டீயின் நிறம்.

நோட்டைப் பார்த்த பாய் முதலில் வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கலந்த ஆயிலில் வழுவழுப்பு இருக்காது. கிராங்க் பேரிங் தேய்ந்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் போய்ச் சேர்ந்தால் ஆயில் புளித்துக் கெட்டியாகி, பேரிங்கின் மேல்படலத்தையே அரிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ராத்திரியில் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், காலையில் சாவி திருப்பும்போது பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டுத்தான் முதலில் இன்ஜினைச் சுற்றினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து மெல்லிய பச்சைச் சாரல் வந்தது. கூலன்ட்டின் பச்சை.

எனக்கு அதுவே போதும். அவருக்குப் போதவில்லை.

அடுப்பில் ஒரு பழைய தோசைக்கல்லைக் காயவைத்து, புது ஆயில் ஒரு சொட்டு விட்டார். சத்தமில்லாமல் பரவிப் புகைந்தது. என் வண்டி ஆயிலை விட்டார். கடுகு தாளித்த மாதிரி சடசடவென்று வெடித்தது. தண்ணீர் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட இந்தச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்கிறார்கள். பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் ஆயிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கூலன்ட்டில் மட்டும் இருக்க வேண்டிய சோடியமும் பொட்டாசியமும் தெரிகிறதா என்று பார்ப்பதுண்டு. எங்களுக்குத் தோசைக்கல்.

அடுத்து, வழி எது என்ற கேள்வி. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சந்தேகப் பட்டியல் சின்னது என்பது ஒரு சௌகரியம். ஆயில் கூலர் கிடையாது. வாட்டர் பம்ப் பழுதானால் வெளியேதான் ஒழுகும். மிச்சம் மூன்றுதான்: ஹெட் பேக்கிங், ஹெட், பிளாக். உங்கள் வண்டியில் ஃபில்டர் பக்கத்தில் ஆயில் கூலர் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. அதனால் கூலர் ஓட்டையானால் முதலில் ரேடியேட்டரில்தான் ஆயில் மிதக்கும். நிறுத்திய பிறகுதான் தண்ணீர் ஆயில் பக்கம் திரும்பிப் பார்க்கும். இதைக் கவனிக்காமல் ஹெட்டைப் பிரித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பாய் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, ஆறிய இன்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினார். பம்ப் சுழலாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். நின்றது. பிறகு குமிழ். இன்னொரு குமிழ். சிலிண்டரில் எரிகிற வாயு தண்ணீர் அறைக்குள் வருகிறது என்று அர்த்தம். நகரத்துப் பட்டறைகளில் இதற்கு ஒரு நீல திரவம் வைத்திருக்கிறார்கள். எரிந்த வாயுவில் உள்ள கரியமில வாயு பட்டால் மஞ்சளாகிவிடும்.

கழற்றிய பிளக்குகளை வரிசையாகத் துணியில் வைத்தார். மூன்று கருப்பு. மூன்றாம் எண் மட்டும் புளி போட்டுத் தேய்த்த பித்தளை மாதிரி பளிச்சென்று இருந்தது. நீராவி கழுவிய வேலை. காலையில் வண்டி மிஸ் அடித்ததும், இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காததும் இதனால்தான். குன்னூர்க் குளிரில் எல்லா வண்டியும்தான் காலையில் வெண்புகை விடும். பத்து நிமிடத்தில் நின்றுவிட வேண்டும்.

கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் பத்துப் பவுண்டுதான் குறைவு. வழக்குப் போடுமளவு இல்லை. ஆகவே ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்திருந்த 7 பவுண்டு வரை காற்றடித்துவிட்டு டீ சொன்னார். டீ முடிவதற்குள் முள் 5க்கு வந்துவிட்டது. வெளியே ஈரமில்லை. மூன்றாவது ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பிஸ்டன் தலையில் பச்சைக் குளம்.

"இப்ப பிரிக்கலாங்க அக்கா."

ஹெட்டைத் தூக்கியதும் நான் பேக்கிங்கைத்தான் குற்றம் சாட்டினேன். அவர் செம்புத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தண்ணீர்த் துளைக்கும் புஷ் ராடு துளைக்கும் இடையே கறை இருந்தால் தண்ணீர் நேராக ஆயில் சேம்பரில் விழுந்திருக்கும். இல்லை. ஆயில் அழுத்தத்தோடு மேலேறும் அந்த ஒற்றைத் துளையைச் சுற்றியும் சுத்தம். இந்த ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே புகைவழியைப் பங்கு போடுகின்றன. இன்ஜினிலேயே அதிகம் சூடாகும் இடம் அது. அங்கே சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார். சில நிமிடத்தில் வெள்ளையில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. நான் தேடிய தண்ணீர் அந்தக் கோட்டின் வழியே சிலிண்டருக்குள் கசிந்து, ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கியிருக்கிறது.

வார்ப்பிரும்பு விரிசலைப் பற்றவைத்தால் நிலைப்பது சந்தேகம். ரேடியேட்டரில் ஊற்றும் கசிவடைப்பு மருந்தைப் பற்றிக் கேட்டேன். "ஓட்டையையும் அடைக்கும், ரேடியேட்டரையும் அடைக்கும்" என்றார். கோயம்புத்தூரிலிருந்து பழைய ஹெட் ஒன்று வந்தது. பூட்டுமுன் அதற்கும் அதே சாயச் சோதனை, லேத்துப் பட்டறையில் முகம் சமன் செய்தல். சேம்பரை இறக்கி ஒரு பேரிங் மூடியைத் திறந்து பார்த்தார், மங்கியிருந்தது, அரிக்கவில்லை. மலிவான ஆயில் நாலு லிட்டர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி வடித்தார். ஃபில்டரை மாற்றி மறுபடியும் அப்படியே. இரண்டாம் முறை வடித்ததிலும் டீ நிறம் லேசாக இருந்ததால் மூன்றாம் முறையும்.

போன ஜனவரியில் மூடியில் மறுபடியும் வெண்ணெய். கம்பியை உருவினேன். பழுப்பு. நோட்டைப் புரட்டினேன், தண்ணீர்ப் பத்தியில் வரிசையாகப் பூஜ்யம். மறுநாள் மேட்டுப்பாளையம் போய்க் கறிவேப்பிலையும் ஒரு தார் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.