ஒப்பந்தம் எழுதக் கற்பது

சென்ற ஆண்டு திசையன்விளை வட்டாரத்தில் முருங்கை பயிரிடும் அங்கத்தினர் சிலர், வெளியூர் வியாபாரி ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தப் பத்திரத்தை நாம் பார்க்க நேர்ந்தது. முத்திரைத்தாள், தேதி, சாட்சிக் கையொப்பம் எல்லாம் சரியாகவே இருந்தன. "முதல் தரக் காயை" கிலோ இன்ன விலைக்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்வதாக வாசகம். சந்தையில் விலை உயர்ந்திருந்த வரையில் கொண்டுபோன காயெல்லாம் முதல் தரமாகவே இருந்தது. விலை சரிந்த வாரத்திலிருந்து வண்டி வண்டியாக இரண்டாம் தரமாகிவிட்டது! முதல் தரம் என்றால் என்ன நீளம், என்ன பருமன், பறித்து எத்தனை மணி நேரத்துக்குள் என்று பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. எடை போடுவது தோட்டத்திலா, வியாபாரியின் கிடங்கிலா என்பதும் இல்லை. பறித்த காய் வழியிலேயே வாடி எடை குறையும் என்பதை நம் அங்கத்தினருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அறிவு பத்திரத்தில் ஏறவில்லை, அவ்வளவே.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29-ஆம் பிரிவில் இதைத் தொட்டுப் பேசுகிறது. பொருள் நிச்சயமில்லாமலும், நிச்சயப்படுத்த முடியாமலும் உள்ள ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் விதி. சட்டமே தரும் உதாரணம் எண்ணெயைப் பற்றியது. ஒருவர் மற்றொருவருக்கு "நூறு டன் எண்ணெய்" விற்பதாக ஒப்புக்கொள்கிறார், எந்த எண்ணெய் என்று அறிய வழியில்லை, ஆகையால் செல்லாது. ஆனால் விற்பவர் தேங்காயெண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரியானால், அவருடைய தொழிலே பொருளைக் காட்டிவிடுகிறது, ஒப்பந்தம் செல்லும். நம் முருங்கைக் காய்க்கும் வட்டார வழக்கத்தைக் கொண்டு கோர்ட்டு பொருள் காணக் கூடும். அதற்குச் சாட்சி வேண்டும், வக்கீல் வேண்டும், சில வருஷங்களும் வேண்டும். காயோ சில நாள்கூடத் தாங்காது.

ஒப்பந்தம் எழுதுவது பயின்று வரவேண்டிய தொழில் என்பதைச் சட்டக் கல்வியை வகுத்தவர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் படித்துத் தேறிய மாணவர், ஒரு கிரயப் பத்திரம் எழுதச் சொன்னால் திகைத்து நிற்பது உண்டு. இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள் இதற்காகவே பத்திரம் வரைதலைச் செய்முறைப் பாடமாக வைத்திருக்கின்றன. வழக்கு ஆவணங்கள் வரைவதில் 15 பயிற்சிகளுக்கு 45 மதிப்பெண், கிரயம், அடமானம் போன்ற பத்திரங்கள் எழுதுவதில் 15 பயிற்சிகளுக்கு 45, வாய்மொழித் தேர்வுக்கு 10 என்பது கணக்கு. பேச்சுவார்த்தை நடத்தும் திறமையும், சமரச முறைகளைப் பற்றிய வேறொரு பாடத்தில், பாவனைப் பயிற்சியாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்கின்றன அவ்விதிகள். நம் நெல்லையில் 1996-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சங்கத்து அங்கத்தினர் வீட்டுப் பிள்ளை யாரேனும் சட்டம் படித்தால், அவருடைய பயிற்சி நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

பாவனைப் பயிற்சி என்றால் ஏதோ நாடகம் என்று எண்ண வேண்டாம். மாணவர் இரு கட்சியாகப் பிரிவர். ஒரு கட்சி விளைவிப்போர், மற்றது வியாபாரி. ஒவ்வொரு கட்சிக்கும் மற்றவர் அறியாத குறிப்பு ஒன்று தரப்படும். வியாபாரியின் குறிப்பில், 'விலையைவிட நாள்தோறும் தடையின்றிச் சரக்கு வருவதே எனக்கு முக்கியம்' என்றிருக்கலாம். விளைவிப்போர் குறிப்பில், 'கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் பணம் வாரக் கடைசியில் கைக்கு வரவேண்டும்' என்றிருக்கலாம். விலை ஒன்றையே பிடித்து வாதாடினால் இரண்டும் வெளிவராமலே பேச்சு முறியும். "உமக்கு ஏன் அது வேண்டும்?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் வழி திறக்கிறது. ஹார்வர்டு சட்டக் கல்லூரிப் பேராசிரியர் ராஜர் ஃபிஷர், வில்லியம் யூரி என்பவரோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. நம் மாட்டுச் சந்தைத் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும்போது இதில் பாதியையாவது செய்கிறார் என்பது நம் எண்ணம். ஆனால் அவர் எழுதி வைப்பதில்லை.

எழுதி வைப்பதிலும் ஒரு சொல் எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதற்கு, நெசவாளர் அறியவேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1974-இல் சேலத்து வியாபார ஸ்தாபனம் ஒன்று, குஜராத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியிடம் 5,000 பாபின் உலோக இழையை, பாபின் ஒன்று ரூ. 35 விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. தகராறு எழுந்தால் அது குஜராத்திலுள்ள கைரா கோர்ட்டின் எல்லைக்கு உட்பட்டது என்று ஒரு ஷரத்து. தகராறு எழுந்தது. சேலத்தார் சேலத்தில் வழக்குத் தொடுத்தனர். அங்கே வழக்காட முடியுமா என்ற கேள்வியே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'மட்டும்' என்ற சொல்லோ அதற்கு நிகரான வாசகமோ அந்த ஷரத்தில் இல்லாமையால் சேலம் கோர்ட்டின் அதிகாரம் போய்விடவில்லை என்று 1989-இல் தீர்ப்பாயிற்று. சரக்கைப் பற்றிய வழக்கு அதன் பிறகுதான்! இதைப் படித்துவிட்டு 'மட்டும்' இல்லையே என்று இன்று எவரும் நிம்மதி கொள்ளலாகாது. 2013-இல் ஸ்வஸ்திக் காஸஸ் வழக்கில் அதே நீதிமன்றம், அச்சொல் இல்லாவிட்டாலும் கட்சிக்காரரின் எண்ணம் தெளிவாக இருந்தால் குறிப்பிட்ட ஊர்க் கோர்ட்டே செல்லும் என்று கூறிவிட்டது. நூல் வாங்கும் பில்லின் அடியில் பொடி எழுத்தில் வேறு மாநிலத்து ஊர்ப் பெயர் இருந்தால், கையொப்பத்துக்கு முன்பே பேசவேண்டும்.

படியும் மூலமும் பற்றி ஒரு சொல். புத்தூரில் சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை. மூலவோலை பத்திரமாக இருந்தது. அதைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன் காட்டி, பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒப்பிட்டு வழக்கை முடித்தார் கிழ வேதியர். நம் சங்கங்கள் சிலவற்றில் மூலம் வியாபாரியிடமும் மங்கலான நகல் நம் பீரோவிலும் இருக்கக் காண்கிறோம். இரண்டு மூலம் எழுதிக் கையொப்பமிடுவதற்குத் தடையேதும் இல்லை.

முருங்கைக் காரர்கள் இவ்வாண்டு வேறொரு வியாபாரியோடு பேசி வருகிறார்கள். பத்திரம் எழுதுவது இன்ஸ்பெக்டரின் வேலையன்று; கேள்வி கேட்பதோடு நாம் நின்றுகொண்டோம். தோட்டத்திலேயே எடை என்பதை அவர் ஒப்பினார். காயின் நீளமும், பறித்த அன்றே ஏற்றுவதும், தரத்தில் ஆட்சேபம் இருந்தால் ஏற்றும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் எழுத்தில் ஏறிவிட்டன. பணம் தாமதித்தால் வட்டி என்ற ஷரத்தை மட்டும் அவர் இன்னும் ஏற்கவில்லை. அடுத்த பேச்சு பொங்கல் கழிந்து.