செங்காந்தள் நஞ்சும் ரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனையும்

திருநெல்வேலிச் சீமையில், பொதிகை மலையடிவாரத்துப் புதர்களிலும் வேலியோரங்களிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். ஊர் வழக்கில் அது கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கால்சிசின் கடும் நஞ்சு. செல் இரண்டாகப் பிரிவதை அது தடுத்துவிடும். ரத்தப் புற்றுநோயை இனம் காண உதவுவதும் அந்தக் குணம்தான்.

அந்த நோயின் வகையைக் குரோமோசோம்களில் தேடுகிறார்கள். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உண்டு. செல் பிரியும் அந்தச் சிறிது நேரத்தில் மட்டுமே அவை சுருண்டு தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அவற்றை இருபுறமும் இழுத்துச் செல்லும் இழைகள் உருவாகாமல் கால்சிசின் தடுப்பதால், செல் பாதிவழியில் நின்றுவிடுகிறது.

நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையை ஆய்வகத்தில் ஓரிரு நாள் வளர்த்து, கால்சிசினையோ அதன் நெருங்கிய உறவான கால்செமிடையோ சேர்ப்பார்கள். அடுத்து நீர்த்த உப்புக் கரைசல். செல்கள் ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்ப, குரோமோசோம்கள் விலகிப் பரவும். கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டுச் சாயம் ஏற்றினால் ஒவ்வொன்றிலும் வரிகள் தெரியும். வரிகளை ஒப்பிட்டு ஜோடி சேர்ப்பார்கள். வழக்கமாக 20 செல்களையாவது பார்ப்பார்கள்.

1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்போர்டும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இயல்பைவிடக் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியதே காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் உருவாகும் புரதம் ரத்த செல்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அன்றாடம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பலர் பல்லாண்டு வேலைக்குப் போய்வருகிறார்கள். 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே துண்டு மாறினால் நோயும் வேறு, மருந்தும் வேறு. குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோயில் குரோமோசோம் 50-க்கு மேல் இருந்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே மருத்துவர் மஜ்ஜைப் பரிசோதனை கேட்டால், பயந்து தள்ளிப்போடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு தீவிரமாக என்பதை முடிவு செய்ய அது தேவை. "பரம்பரை நோயா, பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கலங்கவும் வேண்டாம். இந்தக் குரோமோசோம் மாற்றங்கள் பெரும்பாலும் ரத்த செல்களில் பிற்பாடு நேர்ந்தவை; பெற்றோர் கொடுத்தவை அல்ல. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கண்வலிக்கிழங்கை மருந்தென்று நம்பித் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதன் நஞ்சு ஆய்வகக் குப்பியில் இருக்கட்டும். நோய்க்கு மருந்தை மருத்துவர் தரட்டும்.