உஷார்! ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்றால் தலையாட்டாதீர்கள்

நைட் ஷிஃப்ட் முடிந்து, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் ரூமுக்கு வந்து இறங்கிய என் அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரை. மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி: அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லையாம். அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற சொல், பக்கத்தில் மினுக்கும் கர்சர். அவ்வளவுதான்.

கடைக்கு ஓடினான். “ஹார்டிஸ்க் அடிவாங்கிடுச்சு தம்பி, ஃபார்மட் பண்ணி புதுசா ஓஎஸ் போட்டாத்தான் வரும்” என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் “சரிண்ணா” என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் லேப்டாப் பளிச்சென்று ஓடியது. பாலிடெக்னிக் ப்ராஜெக்ட், எழுதிச் சேர்த்திருந்த பிஎல்சி ப்ரோக்ராம்கள், அவன் அப்பா உயிரோடிருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் போயிருந்தன.

நடந்தது என்ன தெரியுமா? விண்டோஸில் இடம் போதவில்லை என்று, லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை முதல் நாள் அழித்திருக்கிறான். மெஷின் கிளம்பும்போது ‘எந்த ஓஎஸ் வேண்டும்’ என்று கேட்கும் க்ரப் நிரலின் பெரும்பகுதி அந்தப் பார்ட்டிஷனில்தான் இருந்தது. வாசல்காரனை அனுப்பிவிட்டான், வீடு அப்படியே இருந்தது. ஆன் செய்ததும் எஃப்12 பட்டனைத் தட்டி (சில கம்பெனிகளில் எஃப்9), வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. நினைத்தால் வயிறு எரிகிறது.

ஃபார்மட் செய்தபின் ‘ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்’ என்று நம்பிவிடாதீர்கள். பழைய, சுழலும் ஹார்டிஸ்கில் அதற்கு ஓரளவு வாய்ப்பு இருந்தது. இப்போது வரும் எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆனதுமே ‘ட்ரிம்’ என்ற கட்டளை போய், பழைய தகவல் இருந்த இடத்தைத் துடைத்துவிடும். அதன்பிறகு யாராலும் மீட்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது யாரோ நாலு கம்ப்யூட்டர் பிரியர்களின் பிரச்சினை இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலேயே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒரே மெஷினில் சேர்ந்து வந்தன. ப்ளஸ் டூவிலும் பாலிடெக்னிக்கிலும் அதை வாங்கியவர்கள் இந்த வட்டாரத்துக் கம்பெனிகளின் லைன்களில் நிறையவே நிற்கிறார்கள். ரோபோ, ஆட்டோமேஷன் படிக்க லினக்ஸ் வேண்டும், ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ் வேண்டும் என்று தாங்களாகவே இரண்டையும் போட்டுக்கொண்டவர்கள் தனி.

இன்னொரு கண்ணி இதைவிட ஆபத்தானது. 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால், பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஹோம் பதிப்பிலும்தான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. தினமும் வழக்கம்போல் திறக்கும். என்றைக்காவது லினக்ஸ் வரவில்லை என்று பயாஸுக்குள் போய், அங்கீகரித்த கையொப்பம் இல்லாத ஓஎஸ்ஸைக் கிளம்பவிடாத ‘செக்யூர் பூட்’டை அணைப்பீர்கள். அடுத்த முறை நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் உங்கள் டிஸ்க் உங்களுக்கே திறக்காது.

‘நான் ஏன் செக்யூர் பூட்டைத் தொடப்போகிறேன்’ என்கிறீர்களா? 2024 ஆகஸ்ட் 13-ல் வந்த விண்டோஸ் அப்டேட், பழைய க்ரப்பில் இருந்த ஓட்டையை அடைப்பதாகச் சொல்லி, இரண்டு ஓஎஸ் வைத்திருந்த பலரின் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. அந்த அப்டேட் இரட்டை ஓஎஸ் மெஷின்களுக்குப் போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. முழுத் தீர்வு வர 2025 மே ஆனது. அதுவரை உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட மாற்றுவழியின் முதல் படியே செக்யூர் பூட்டை அணைப்பதுதான்.

அடுத்தது, அந்த செக்யூர் பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2011-ல் கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கி காலாவதியாகின்றன. அன்றைக்கே மெஷின் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிற்காது. ஆனால் 2023-ன் புதுச் சான்றிதழ் ஏறாத மெஷினில், புதுச் சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்டு வரும் லினக்ஸ், செக்யூர் பூட் போட்டிருக்கும்வரை கிளம்பாது. விண்டோஸ் அப்டேட்டையும் லேப்டாப் கம்பெனி தரும் பயாஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். பயாஸ் அப்டேட் போடும்போதும் அந்த 48 இலக்கம் கேட்கப்படலாம், அதை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மெஷின் கிளம்பவில்லையா? முதலில் எஃப்12. அதிலும் வரவில்லையென்றால், நண்பரின் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓடவிட்டு, ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். டிஸ்க் பூட்டியிருந்தாலும் ரெக்கவரி கீ இருந்தால் அங்கிருந்தே திறக்கலாம். க்ரப்பைச் சரிசெய்வது, விண்டோஸ் ரிப்பேர் எல்லாம் அதற்கப்புறம். கடையில் கொடுத்தாலும் “டேட்டாவை எடுத்துக் கொடுத்துட்டு அப்புறம் தொடுங்கண்ணா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்றைக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப் பையில் வேண்டாம், ஊரில் அம்மாவின் பீரோவில்.