இன்று என்பது எந்த நாள்?

“இன்னிக்கு உப்புப் போட்டாச்சு. நாலு நாள் தினமும் குலுக்கணும். அப்புறம் வெயில்.”

அத்தை போனில் சொல்லச் சொல்ல, கைப்பேசியில் தட்டி வைத்த நாரத்தங்காய் ஊறுகாய்க் குறிப்பு இது. கூடவே ஜாடியின் படம் ஒன்று, ‘உப்பு அளவு’ என்ற இன்னொரு குறிப்புக்கு ஓர் இணைப்பு. சில வருடங்கள் கழித்து அந்தக் குறிப்புச் செயலியை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். ஆயிரத்துச் சொச்சம் குறிப்புகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி: நான் மாறிய நாள். அத்தை எந்த மாதத்தில் ஊறுகாய் போட்டாள் என்று பார்க்கத்தான் குறிப்பைத் தேடினேன். ‘இன்னிக்கு’ என்று இருக்கிறது, எந்த இன்னிக்கு?

ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. பிறகு தொலைந்தது எது?

எவர்நோட் செயலியிலிருந்து குறிப்புகளை வெளியே எடுக்கும்போது கிடைக்கும் ‘எனெக்ஸ்’ கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பார்த்தால் விடை கிடைக்கும். முதலில் தலைப்பு. கூடவே குறிப்பின் உடல். அதோடு குறிப்பு உருவான நேரம்: எட்டு இலக்கத்தில் நாள், ஆறு இலக்கத்தில் மணி, முடிவில் ஒரு ‘இஸட்’. அந்த இஸட்டுக்கு உலகப் பொதுநேரம் என்று பொருள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. புதிய செயலி இஸட்டைக் கவனிக்காமல் படித்தால், அதிகாலை 4 மணிக்கு எழுதிய குறிப்பு முந்தின நாள் இரவு 10.30க்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படம் இருந்த இடத்தில் படம் இருக்காது. அந்தப் படத்தை அடையாளம் காட்டும் 32 இலக்கக் கைரேகை ஒன்றுதான் இருக்கும். படமோ கோப்பின் அடியில், பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகளாகக் கிடக்கும். மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி எழுதும் முறை அது. அதனால் படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கைரேகையையும் படத்தையும் பொருத்திச் சேர்ப்பது புதிய செயலியின் வேலை.

இணைப்பின் கதை வேறு. ‘உப்பு அளவு’ குறிப்பைச் சுட்டும் முகவரியில் இருப்பது அந்தக் குறிப்பின் தலைப்பு அல்ல, செயலி தனக்குள் வைத்திருக்கும் அடையாள எண். அந்த எண் எனெக்ஸ் கோப்பில் வருவதில்லை. கதவிலக்கத்தைப் பிடுங்கிவிட்டுக் கடிதத்தை மட்டும் அனுப்பியது போலத்தான். குறிப்பு எந்த நோட்டுப்புத்தகத்தில் இருந்தது என்ற விவரமும் எனெக்ஸில் கிடையாது.

கூகுள் கீப் வேறு வழியில் போகிறது. 2011இல் வந்த ‘டேக்அவுட்’ வசதி மூலம் எடுத்தால், ஒவ்வொரு குறிப்பும் இரண்டு கோப்புகளாக வரும்: மனிதர் படிக்க எச்டிஎம்எல், இயந்திரம் படிக்க ஜேசன். ஜேசனில் தேதி ஒரே நீள எண். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மைக்ரோ நொடிகளின் எண்ணிக்கை அது.

இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்பவர்கள் ‘மார்க்டவுன்’ பக்கம் சாய்கிறார்கள். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய எழுத்துமுறை இது. அப்சிடியன் போன்ற செயலிகள் குறிப்புகளை இப்படிச் சாதாரணக் கோப்புகளாகவே ஒரு ஃபோல்டரில் வைக்கின்றன. எந்தக் கணினியிலும் திறக்கலாம். ஆனால் மார்க்டவுனில் தேதிக்கென்று தனி இடம் இல்லை. கோப்பின் தேதியை நம்பினால், நகலெடுக்கும்போது அது மாறிப்போகலாம். அதனால்தான் நல்ல மாற்றி நிரல்கள் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தேதியையும் குறிச்சொற்களையும் எழுத்தாகவே எழுதி வைக்கின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி உண்டு. ‘ஊறுகாய்’ நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு, யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். ஆண்ட்ராய்டு, லினக்ஸ் கணினிகளில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. குறிப்பின் தலைப்பே கோப்புப் பெயராகும்போது, நீளமான தமிழ்த் தலைப்பின் வால் வெட்டுப்படலாம். ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஒரே ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கவனமில்லாத தேடுபொறிக்கு வேறு வேறு. கொத்தமல்லிக் குறிப்பு கண்ணெதிரே இருக்க, ‘இல்லை’ என்று பதில் வரும்.

இன்னும் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதில் ‘அம்மா’ என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு கூட வராத இடத்தில் அம்மாவும் வர மாட்டாள்.

இப்படி எடுத்துச் செல்வதை ஐரோப்பா உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் கொடுத்த தரவை இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் அவரிடமே திருப்பித் தரச் சொல்கிறது. இந்தியாவில் 2019 மசோதாவில் இந்த உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை.

எனவே நம் கையே நமக்கு உதவி. மாறுவதற்கு முன் ஒரே ஒரு குறிப்பை உருவாக்குங்கள்: படம், இணைப்பு, பட்டியல், நீளமான தமிழ்த் தலைப்பு, கொஞ்சம் கொத்தமல்லி, எல்லாம் அதில் இருக்கட்டும். அதை மட்டும் முதலில் அனுப்பிப் பாருங்கள். எது வழியில் விழுகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பழைய எக்ஸ்போர்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

நாம் எழுதியது எங்கும் வரும். நமக்காகச் செயலி நினைவில் வைத்திருந்தது வருமா என்பதுதான் சந்தேகம். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு எழுதிய மளிகைக்கடைக் கணக்கு நோட்டுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. நானும் இப்போது குறிப்பின் முதல் வரியில் நாள், மாதம், வருடத்தைத் தட்டிவிட்டுத்தான் ‘இன்னிக்கு’ என்று தொடங்குகிறேன்.