சில்லுகளின் கதை – 17: பெரிய தாங்கியும் சின்னப் போத்தலும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெங்காயமோ புகையிலையோ ஏற்றிய பழைய பெற்றோல் லொறி லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும், ஒருவழிக்கே 130 லீற்றருக்கு மேல் வேண்டும். வன்னிக் காட்டுவழியே இரவிரவாக ஓடும் சாரதிக்கு நினைத்த இடத்தில் எண்ணெய் அடிக்க முடியாது. அதனால்தான் பெட்போர்ட் போன்ற பழைய லொறியைத் திருத்தி எடுப்பவர்களுக்குத் தாங்கியைப் பெருப்பிக்கும் யோசனை வருகிறது.

பழைய தாங்கியை வெட்டி நீட்டுவதைவிட, அடிச்சட்டத்தின் மறுபக்கத்தில் இன்னொன்று பூட்டுவதே நல்ல வேலை. கணக்கு எளிது: 100 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 40 உயரம் என்றால் 180 லீற்றர் பிடிக்கும். அவ்வளவும் டீசல் என்றால் எடை ஏறத்தாழ 150 கிலோ. இரும்பின் எடை வேறு. உள்ளே தடுப்புத் தகடு வைக்காமல் விட்டால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் எண்ணெய் திரண்டு போய் முன்சுவரில் மோதும். நாளடைவில் ஒட்டு விட்டுவிடும். மேலே காற்றுக்குழாய் வேண்டும், அடியில் தண்ணீரும் கறளும் இறக்க ஓர் அடைப்பான் வேண்டும். டீசல் இயந்திரத்தில் எரியாமல் மிஞ்சும் எண்ணெய் தாங்கிக்குத் திரும்பி வரும். ஒரு தாங்கியிலிருந்து இழுத்து, மிச்சத்தை மற்றதற்கு அனுப்பினால், நிறைந்திருக்கும் தாங்கி வழியத் தொடங்கும்.

பெற்றோல் வடித்த வெறுந்தாங்கியில் வெல்டிங் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. திரவம் போனாலும் ஆவி உள்ளே நிற்கும். கழுவித் துடைத்தாலும் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். அனுபவப்பட்டவர்கள் ஆவியை முற்றாக வெளியேற்றாமல் தீப்பொறியைக் கிட்டக் கொண்டுபோவதில்லை.

தாங்கி எங்கே இருக்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1987 வரை செய்த பெரிய பிக்கப் வண்டிகளில், கூடுதல் கொள்ளளவுக்காகத் தாங்கிகளை அடிச்சட்டத்துக்கு வெளியே, இரு பக்கமும் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினால் தாங்கி நசுங்கித் தீப்பிடிக்கிறது என்று பல வழக்குகள் எழுந்தன. 1994இல் அந்நிறுவனம் அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பாதுகாப்புத் திட்டங்களுக்கென 5 கோடி டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே வந்த வினை என்பதை, இங்கே தாங்கி பூட்டுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் யாழ்ப்பாணத்து வாகனங்களின் வரலாற்றில் மறக்க முடியாத தாங்கி மிகச் சின்னது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஆனையிறவுப் பாதை அடைபட்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் போயின, பற்றரியும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதற்கும் மூன்று பக்கத்திலிருந்து இழுபறி: வீட்டு விளக்கு, தோட்டத்து இறைப்பு இயந்திரம், வீதியில் ஓடும் வாகனம். இருபது லீற்றர் பெற்றோலை ஒருசேரக் காண முடியாத குடாநாட்டில் பெரிய தாங்கி எதற்கு?

வழி தோட்டத்தில் கிடந்தது. செம்மண் நிலத்து விவசாயிகளின் இறைப்பு இயந்திரங்கள் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கராச்சுக்காரர்கள் அதே முறையை மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40க்கும் கொண்டுவந்தார்கள். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். இயந்திர மூடிக்குள், காபரேற்றருக்குக் கிட்ட, ஒரு சின்னத் தகரமோ சலைன் போத்தலோ. அதில் பெற்றோல், ஒரு மெல்லிய குழாய். சிலர் அதுவுமில்லாமல் காபரேற்றர் வாயில் சில சொட்டு விட்டு, முன்னாலே கைபிடியைப் போட்டுச் சுற்றினார்கள். பற்றரி செத்துப்போன வாகனத்துக்கு அந்தக் கைபிடிதான் கதி.

இதன் காரணம் வெப்பத்தில் இருக்கிறது. பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக 38 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாமல் ஈரமாகவே கிடக்கும். பெற்றோலில் ஓடிச் சூடேறிய பிறகுதான் மாற்றலாம். அந்தக் காலத்து இயந்திரங்களில் அமுக்கம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயிலும் தட்டுத்தடுமாறி ஓடின. புதிய இயந்திரமென்றால் தட்டித் தட்டியே உடைந்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்ததும், பின்னால் வருகிறவர் கண்ணை எரித்த வெண்புகையும் அதற்குக் கொடுத்த விலை. அப்படி இருந்தும் நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் ஆசுப்பத்திரிக்குப் போனது இந்த வாகனங்களில்தான். அந்த மெக்கானிக்குகளுக்கு இந்தக் குடாநாடு பட்ட கடன் பெரியது.

2002 ஏப்ரலில் ஆனையிறவு வழியான ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நாடு முழுவதற்கும் வந்தது. அந்த ஆண்டு வந்த கியூஆர் அட்டை முறையில் தொடக்கத்தில் லொறிக்குக் கிழமைக்கு 50 லீற்றர்தான். முன்சொன்ன கணக்குப்படி 150 கிலோமீற்றர்; வவுனியாவை எட்டலாம், கொழும்பு கனவு. தாங்கி 180 பிடித்தால் என்ன, 300 பிடித்தால் என்ன, அட்டை 50 என்றால் 50.

இன்று பழைய வாகனத்தை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள் முதல் வேலையாக மூடிக்குள் கிடக்கும் கறள்பிடித்த தகரத்தையும் பழங்குழாயையும் கழற்றி எறிகிறார்கள். பெற்றோலுக்கு அந்தப் பழங்குழாயை மறுபடி நம்பவேண்டாம், அது சரி. ஆனால் எறியுமுன் படம் எடுங்கள்; எந்தத் திருகாணியில் பூட்டியிருந்தது, குழாய் எங்கே போனது என்று எழுதிவையுங்கள். பூட்டிய கைகளில் சில இன்னும் கராச்சுகளில் இருக்கின்றன. போய்க் கேளுங்கள். எத்தனை சொட்டு விட்டார்கள், எப்போது மாற்றினார்கள், மண்ணெண்ணெயில் வேறென்ன கலந்தார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கிழமை: கிளாலிக் கடல்நீரேரி தாண்டி வந்த எண்ணெய்ப் பரல்கள்.

(தொடரும்)